ராக்காயி பேசாத முப்பது நொடி

1

இந்தக் கதை எனக்குச் செக்காலையில் ஒரு தையல் கடையில் கிடைத்தது. சட்டைக்கு அளவு கொடுக்கப் போனபோது தையல்காரி சத்தியப்பிரியா சொன்னாள். 'ஜனநாயகம் இன்று பேராபத்தில்' என்று எழுதத் தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

2

ஊராட்சித் தேர்தல் நாள், காலை எட்டு மணி. நாச்சியாபுரம் பக்கத்துச் சிற்றூர் (பெயர் வேண்டாம் என்றாள்). அவள் ஓட்டுப்போடக் கிளம்பும்போது ஊர் வாட்ஸ்அப் குழுவில் முப்பது நொடிக் குரல்பதிவு ஒன்று வந்து விழுந்தது. தலைவர் பதவிக்கு நின்ற ராக்காயியின் குரல். தான் விலகிவிட்டதாகவும், தனக்குப் போட்டு ஓட்டை வீணாக்க வேண்டாம் என்றும் சொன்னது.

நூறு நாள் வேலைக்குப் போகிற ராக்காயியை நிற்கச் சொன்னதே சத்தியப்பிரியாதான். உடனே ராக்காயியின் வீட்டுக்கு ஓடினாள். ராக்காயி போனைக் காதில் வைத்து முழுசாகக் கேட்டாள்.

"தொண்டை என்னுதுதான். ஆனா நான் பேசலையே ஆத்தா."

[இங்கே ராக்காயியை அழவைத்திருந்தேன். அழவில்லையாம். நீக்கிவிட்டேன்.]

சத்தியப்பிரியா மறுபடி ஓடவிட்டாள். 'போடாதீங்க' என்றது குரல்.

"அத்தை, நீங்க எந்தக் காலத்துல 'போடாதீங்க'ன்னு சொன்னீக? 'போடாதீக'ம்பீக."

3

சத்தியப்பிரியா மறுப்பை அதே குழுவில் எழுதிப் போட்டாள். இதுதான் பொய் என்று நாலு பேர் பதில் போட்டார்கள். ஓட்டுப்போடக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்பி

(இந்த வாக்கியத்தை நிறுத்துகிறேன். முக்கியமானது அடுத்தது.)

தேர்தல் அதிகாரியிடம் புகார் கொடுத்துவிட்டு, ராக்காயியோடு வேலை பார்க்கும் இருபது பெண்களைப் போனில் அழைத்தாள். ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொந்த வாயால் பேச வேண்டும். யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது. ராக்காயி விலகவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். வேட்பாளர்கள் எல்லோரும் களத்தில் இருப்பதாக வாக்குச்சாவடி வாசலில் அதிகாரி அறிவிப்பு ஒட்டவைத்தார்.

சத்தியப்பிரியாவின் கொழுந்தன் மாயக்கண்ணன் அந்தக் குரலை நான்கு குழுக்களுக்கு அனுப்பியிருந்தான். அவனே டீக்கடைக்குப் போய், பத்துப் பேர் முன்னால் நின்றான்.

"நான்தான் அனுப்புனேன். விசாரிக்காம அனுப்புனது தப்பு. அத்தை நிக்கிறாக."

அதைச் சொல்வது அவனுக்குச் சுலபமில்லை. சொன்னான்.

மதியத்துக்கு மேல், திரும்பிப் போனவர்களெல்லாம் வந்தார்கள். வரிசை கண்மாய்க்கரை வரை நீண்டது.

4

என் முதல் பிரதியில் ராக்காயி மூன்று ஓட்டில் தோற்றாள். அப்படி எழுதினால்தான் இலக்கியமாக இருக்கும் என்று நினைத்தேன். படித்துக்காட்டியதும் சத்தியப்பிரியா மெஷினை நிறுத்தினாள்.

"ஜெயிச்சதை ஜெயிச்சதுன்னு எழுத உங்களுக்கு என்ன கூச்சம்?"

ஆகவே எழுதுகிறேன்: ராக்காயி அறுபத்து மூன்று ஓட்டில் ஜெயித்தாள். எண்ணிக்கை மையத்திலிருந்து ஊர்வரை பெண்கள் குலவையிட்டுக்கொண்டே வந்தார்கள். சத்தியப்பிரியாவுக்கு இரண்டு நாள் தொண்டை கட்டியிருந்தது.

5

அந்தக் குரலைக் கம்ப்யூட்டரில் போலியாகத் தயாரித்தது யார்? விசாரணை நடக்கிறது. கதைக்கு வசதியாக ஒரு எதிராளியை நான் செய்துவிடலாம். குரலைச் செய்தவரும் அதைத்தானே செய்தார்? இந்த இடத்தை வெற்றாக விடுகிறேன்.

.................................

உங்கள் மனதில் ஒரு முகம் வந்திருக்கும். ஆதாரம் கிடைக்கும்வரை யாருக்கும் அனுப்பாதீக.