சௌகரியமாக இருக்கிறோம்

வாஹித் பாஷா சாயபு அதைக் கேட்டபோது முனீர் அகமதுவின் கையில் சர்பத் தம்ளர் இருந்தது. சாயபுவின் மகளுக்கு அன்றுதான் நிக்காஹ் முடிந்திருந்தது. பந்தலில் மதராஸிலிருந்து வந்த தோல் வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா முனீர் பாய், கிடங்குல எல்லாம் சௌகரியம்தானே?"

"உங்க மெஹர்பானி, உங்க தயவு சாயபு. ரொம்ப சௌகரியமா இருக்கோம்."

நாலு பேர் நடுவில், அதுவும் கல்யாண வீட்டில், முனீர் வேறென்ன சொல்லுவார்? சர்பத்தில் உப்பைக் கொட்டிக் கொடுத்தாலும் பிரமாதம் என்று சொல்லிக் குடிக்கிற மனிதர் அவர்.

ஆம்பூரில் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் தோலைத் தரம் பிரிப்பது முனீருக்கு வேலை. சாயபுவின் ஐந்து வீட்டு வரிசையில்தான் கல்யாணமான நாளிலிருந்து குடியிருந்தார். சுவரெல்லாம் விரிசல் விட்டதால், இடித்துக் கட்டி மாடியும் எடுக்கப்போவதாகச் சாயபு சொன்னார். "வேலை முடிஞ்சதும் அவங்கவங்க வீடு அவங்கவங்களுக்கு" என்றும் சொன்னார். வாடகைக்கு இருப்பவனுக்குச் சட்டம் என்று அப்போது எதுவும் கிடையாது. சாயபுவின் வாய்தான் சட்டம். அது நல்ல வாய்தான், அதனால்தான் இதைச் சொல்லும்போது வருத்தம் ஜாஸ்தியாகிறது.

அதுவரைக்கும் தங்க முனீருக்குக் கிடைத்தது, தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையைப் போட்டுவைக்கிற கிடங்கு. ஒரே கதவு, அதுவும் பட்டை வண்டிகள் நிற்கிற தெருவைப் பார்த்து. பழைய வீட்டில் ஐந்து வீட்டு முற்றங்களுக்கும் நடுவே சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. முனீரின் மனைவி ரஃபத் ஜஹான் தெருவில் கால் வைக்காமலே அக்கம்பக்கத்துப் பெண்களிடம் போய் உட்காருவாள், வெயிலில் தலை உலர்த்துவாள். கிடங்கில் பகல் முழுக்க உள்ளேயே கிடந்தாள். பட்டைத் தூசியில் இருமல் வந்தது, முகம் வெளுத்துப் போனது.

"எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். அந்த முற்றம் போதும். ஒரு தடவ போய்க் கேளுங்களேன்."

"அவரே சொல்லியிருக்காரு ரஃபத். மறுபடி கேட்டா, அவரு வார்த்தைய நம்பலேன்னு ஆயிடும்."

பழைய வரிசையில் பக்கத்து வீட்டில் இருந்த வண்டிக்கார கோவிந்தசாமிக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. பார்த்த இடத்தில் எல்லாம் "என் வூடு இன்னா ஆச்சு சாயபு?" என்று வழி மறித்தான். "உன்னோட பெரிய பேஜார்டா" என்று சிரித்துக்கொண்டே சாயபு, கட்டி முடிந்த வீடுகளின் முதல் சாவியை அவனிடம் கொடுத்தார். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

அந்தச் சேதி கேட்டதும் ரஃபத் படுக்கையைச் சுருட்டிக் கட்டினாள். முனீர் சாயபு வீட்டுக்குப் போனார்.

சாயபு நிஜமாகவே திடுக்கிட்டார். "சௌகரியமா இருக்கோம்னு நீங்கதானே சொன்னீங்க பாய்! அத நம்பி உங்க வீட்ட சம்பந்தி ஆளுங்களுக்குத் தர்றேன்னு சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "அங்க கஷ்டமா இருக்கா? சொல்லுங்க. அவங்ககிட்ட பேசிப் பாக்கறேன்."

கதவு அப்போதும் திறந்துதான் இருந்தது. ஒரே ஒரு சொல் போதும்.

"சேச்சே, கஷ்டம் இன்னா சாயபு. புது சம்பந்தம், உங்க வார்த்தை தவறக் கூடாது."

சாயபு அவரைக் கட்டித் தழுவி, தேநீர் கொடுத்து அனுப்பினார்.

ரஃபத் புர்கா போட்டுக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். முனீர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், தான் கடைசியாகச் சொன்னதையும் சேர்த்து. அவள் திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க எல்லாருக்கும் நல்லவரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூட்டையை அவிழ்த்தாள்.

மறுநாள் ஷாப்புக்கு லீவு. முனீர் எங்கிருந்தோ ஏணி கொண்டுவந்து கூரைமேல் ஏறினார். சாயபுவைக் கேட்காமல் சாயபுவின் பொருளில் அவர் கை வைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுப்புக்கு நேர் மேலே நாலைந்து ஓடுகளைக் கழற்றினார். பட்டைத் தூசி மினுங்க, பாய் அகலத்துக்கு வெயில் உள்ளே விழுந்தது.

"மழை வந்தா?" என்று கீழேயிருந்து கேட்டாள் ரஃபத்.

முனீர் கழற்றிய ஓடுகளைக் கூரை ஓரமாக அடுக்கி வைத்தார். அவள் பாயை இழுத்துப் போட்டு, முக்காட்டை எடுத்துவிட்டு, கண்களை மூடி முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வெயில் சுவர்ப்பக்கம் நகர்ந்தது. அவளும் கூடவே பாயை நகர்த்திக்கொண்டாள்.