பதினான்கு கிராம்

பேட்டரிக்காரர் வீட்டுக்குக் குழந்தையின் எடை மட்டும் தனியாக, குழந்தைக்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்னதாகவே வந்து சேர்ந்தது. வந்த அன்று மூன்று கிலோ நூற்றைம்பது கிராம். உள்ளறைக் கூரைக் கொக்கியில் தொங்கிய காலித் தொட்டில் துணி காலை பத்து மணி வாக்கில் தானாகக் கீழே இழுபட்டு, நடுவில் குழிந்து, அப்படியே நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. வெங்காயம் விலை இரட்டிப்பாகியிருந்த வாரம் அது என்பதால் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

எங்கள் தெருவுக்கு இது புதிதும் அல்ல. ஒரே மாதிரி கட்டிய நாற்பது வீடுகள். எல்லா வீட்டிலும் உள்ளறைக் கூரையில் ஒரு கொக்கி. பிள்ளை வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவெடுத்த வீட்டில், பிள்ளை உண்டாவதற்கு ஏறக்குறைய நூறு நாள் முன்னதாக எடை வந்து உட்கார்ந்துகொள்ளும். வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் தண்ணீர் வருகிறதா, சுவர் கசிகிறதா என்று பார்ப்பதில்லையா, அது மாதிரிதான். பிறகு ஒரு நாள் துணி லேசாகிவிடும். லேசானால் இரண்டில் ஒன்று: எடை அந்தப் பெண்ணின் வயிற்றுக்குப் போய்விட்டது, இல்லையென்றால் வந்த வழியே போய்விட்டது. எது என்று பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியும். மூன்றாவது வீட்டுத் தையல்காரருக்கு மட்டும் அந்தப் பதினைந்து நாள்கூடக் கிடைக்கவில்லை. அவர் வீட்டுக் கொக்கி ஒரு மத்தியானம் காரையோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. தரையில் ஒரு சாண் அகலத்துக்குக் குழி. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எதுவும் வரவில்லை. குழியின் மேல் தையல் மெஷினைப் போட்டுவிட்டார்கள். மெஷின் இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஓடுகிறது.

பேட்டரிக்காரரின் மனைவி பார்சல் ஆபீசில் எடை போடுகிறவள். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவாள், தராசு பிறகுதான் ஒத்துக்கொள்ளும். வந்த அன்று மூன்று கிலோ நூற்றைம்பது என்று சொன்னதும் அவள் கைதான். அதனால் தெருவில் அவளுக்குப் பெயரே தராசு. துணி தொங்கிக்கொண்டிருந்ததற்கும் அவள்தான் காரணம். அதற்கு முந்தின வருடம், இருவரும் முடிவெடுப்பதற்கு முன்பே அவள் முதல் தடவை உண்டானபோது, சந்தோஷம் தாங்காமல் இரண்டாம் மாதமே தொட்டில் கட்டிவிட்டாள். பன்னிரண்டாவது வாரம் கலைந்துபோனது. எல்லோரும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க, அவள் சுகாதார நர்சிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எவ்வளவு எடை இருந்திருக்கும் சிஸ்டர்?" நர்ஸ் முதலில் தயங்கினாள். பிறகு, "பதினாலு கிராம் இருக்கும்மா. ஒரு கடுதாசி கனம்" என்றாள். தராசு தலையாட்டினாள். ஒரு நாளைக்கு அந்தக் கனத்தில் நூறு கடிதமாவது அவள் கை வழியாகப் போகும். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் தராசில் வைப்பாள். தொட்டிலை அவிழ்க்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

பேட்டரிக்காரர் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் மேற்கொண்டு சொன்னால் பாவம். பழைய பேட்டரிகளை உடைத்து, தகடுகளை எடுத்து, ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது அவர் வேலை. மற்ற ஆட்கள் வேலை முடிந்ததும் குழாயடியில் குளித்து, டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுக் கிளம்புவார்கள். இவர் அடுப்பு அணைந்த கையோடு, சாம்பல் நிறப் பொடி படிந்த சட்டையோடு, ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிடுவார். மனைவியை ஐந்து நிமிடம் கூடுதலாகப் பார்க்கலாம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவளும் அந்தச் சட்டையை வாங்கி, வாசலில் நின்று நாலு உதறு உதறி, தன் துணிகளோடு சேர்த்து ஊறவைப்பாள். இப்படி ஒருத்தருக்கொருத்தர் ஆசையாக இருந்தது எங்கள் தெருவில் அவர்கள் மட்டும்தான் என்று அவள் மாமியாரே குறையாகச் சொல்லியிருக்கிறார்.

எடை வந்த இரண்டாம் வாரம் அது ஏற ஆரம்பித்தது. தராசு ஆபீசிலிருந்து தொங்கு தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, கொக்கிக்கும் துணிக்கும் நடுவில் மாட்டி, துணியின் எடையைக் கழித்துவிட்டு, காலையும் மாலையும் பார்த்து நாள்காட்டித் தாளில் குறித்தாள். நாலு கிலோ. நாலு எண்ணூறு. மாசக் கடைசியில் ஆறு. எந்த வீட்டிலும் மூன்றரையைத் தாண்டியதாக யாருக்கும் நினைவில்லை. முதலில் பெருமையாகத்தான் பார்த்தார்கள். "பீமன்தான் வரப்போறான்" என்றார் மாமியார். எட்டைத் தொட்டபோது அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார். பூனை அந்த அறைக்குள் நுழைவதை விட்டுவிட்டது. சாயங்காலம் பேட்டரிக்காரர் தெருமுனை திரும்பும்போதே கொக்கி முனகும்; அவர் செருப்பைக் கழற்றும்போது துணி இன்னும் ஒரு விரற்கடை இறங்கும். கொக்கியைச் சுற்றிக் கூரையில் மயிரிழைபோல ஒரு விரிசல் விட்டது.

தராசு நர்சிடம் போனாள். நர்ஸ் சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். போலிக் ஆசிட் மாத்திரையைத் தினமும் மறக்காமல் போட்டாள். ரத்தம் குறைவாக இருந்ததற்கு இரும்புச்சத்து மாத்திரை. தைராய்டு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். சின்ன வயதில் ருபெல்லா தடுப்பூசி போட்டதற்குச் சான்று எதுவும் இல்லை என்பதால் இப்போது போட்டு, ஒரு மாதம் தள்ளியிருக்கச் சொன்னார்கள். தள்ளியிருந்தாள். சொத்தைப் பல்லைக்கூட அடைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து வந்து பார்த்தால் ஒன்பது கிலோ நானூறு. "என்கிட்ட இன்னும் என்ன சரி பண்றது சிஸ்டர்?" என்று கேட்டாள். நர்ஸ் அவள் பரிசோதனை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் கணவருக்கான கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. "நானும் நாலு வாட்டி சொல்லிட்டேன், அவரையும் கூட்டிட்டு வான்னு. பாதி ஆளைப் பார்த்துட்டு நான் எப்படிம்மா முழுசா சரின்னு எழுதறது?"

பேட்டரிக்காரர் போகவில்லை. "எனக்கென்ன கேடு? இரும்பு மாதிரி இருக்கேன்" என்றார். ஒரு வருடமாக வயிற்றைச் சுருட்டிப் பிடிப்பதையும், வாயில் ஒரு அசட்டுத் தித்திப்பு இருந்துகொண்டே இருப்பதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடை டீயின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். மாமியாரும், "ஆம்பளைய எதுக்குடி ஆஸ்பத்திரிக்கு இழுக்கறே? சுமக்கப்போறது நீதானே?" என்று மருமகளைத்தான் கேட்டார். எடை பதினொன்று ஆனது.

அந்த நேரத்தில்தான் கடைப்பக்கம் டிரான்ஸ்பார்மர் எரிந்து, பேட்டரிக்கடை ஆறு நாள் மூடிக் கிடந்தது. அந்த ஆறு நாளும் தராசில் எண் மாறவில்லை. பதினொன்று, பதினொன்று, பதினொன்று என்று தாளில் ஒரே எண்ணை எழுதிக்கொண்டு வந்தவள், ஏழாம் நாள் காலை அலமாரிக்குப் பின்னால் உதறாமல் கிடந்த ஒரு வேலைச் சட்டையை எடுத்துத் தராசில் மாட்டினாள். பதினொன்றுக்கு மேல் சட்டை இரண்டு கிலோ நூறு கிராம் காட்டியது. பக்கத்தில் தன் ரவிக்கையை மாட்டினாள். அறுநூறு. சாதாரணமாக அது நூறைத் தாண்டாது. தன் உள்ளங்கையைப் பார்த்தாள். எத்தனை வருடமாக உதறினாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியவில்லை.

சட்டையை அவர் மடியில் போட்டாள். "என்னங்க, நீங்க கொண்டு வர்றதுதான் அங்க தொங்குது. நானும் அதைக் கையால வாங்கி வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் யாருக்காக ஓடி வர்றேன்? உன்னைப் பார்க்கத்தானே? அதுவும் குத்தமா?" என்று கத்தினார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கோபத்தில் அவர் வேலைக்கும் போகவில்லை; வீட்டில் அவர் ஒருத்தர்தான்.

பன்னிரண்டு மணிக்கு உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து தொட்டிலில் விழுந்தது. அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். கொக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் துருப்பிடித்த தண்டு பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது. தையல்காரர் வீட்டுக் குழி அவர் கண்முன் வந்தது. இரண்டு கையையும் துணிக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். பதினொரு கிலோ அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முப்பது கிலோ லாரி பேட்டரியை ஒற்றைக் கையில் தூக்கிப் போடுகிறவர். ஆனால் கால் மணி நேரத்தில் மணிக்கட்டு நடுங்கியது. அரை மணியில் விரல்கள் நிமிரவில்லை. கை தானாக மடங்கித் தொங்கப் பார்த்தது. அப்போதுதான் அந்த மனிதருக்குப் பயம் வந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, தோளையும் தலையையும் கொடுத்து முட்டுக்கொடுத்தார். துணிக்குள்ளிருந்து சூடும் இல்லை, அசைவும் இல்லை, கனம் மட்டும் இருந்தது. "போயிடாதே" என்று அதனிடம் சொன்னார். பிறகு ஐந்தரை மணி வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தராசு வந்து பார்த்தாள். எதிரில் முட்டி போட்டு, தன் கைகளையும் கொடுத்தாள். எதிர்வீட்டு வெல்டர் குறுக்கே இரும்புக் குழாய் ஒன்றைக் கொடுத்துக் கட்டி முடிக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். மறுநாள் இருவரும் சேர்ந்து நர்சிடம் போனார்கள். கூச்சத்தில் பேட்டரிக்காரர் ஈ என்று சிரித்து வைத்தார். நர்ஸ் சிரிக்கவில்லை. "அப்படியே இருங்க, வாயை மூடாதீங்க" என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஈறு ஓரத்தில் பேனாவால் இழுத்த மாதிரி நீலக் கோடு. "வயித்து வலி எத்தனை நாளா?" என்று கேட்டாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "ஒரு வருஷமா" என்றார்.

ரத்தத்தில் ஈயம் இருவருக்குமே இருந்தது. அவருக்கு நிறைய, அவளுக்குக் கொஞ்சம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இதற்கு மருந்தைவிட விலகியிருப்பதுதான் முக்கியம் என்றார். முதல் தடவை கலைந்ததற்கும் இதுதான் காரணமா என்று தராசு கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலைத் தாங்கிக்கொள்வது பதினொரு கிலோவைத் தாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று பேட்டரிக்காரர் பிற்பாடு வெல்டரிடம் சொல்லியிருக்கிறார். நர்ஸ் அவருக்குத் தனியாக ஒன்று சொன்னாள்: "ஆம்பளை உடம்புல வித்து உருவாக மூணு மாசம் கிட்ட ஆகும். ரத்தத்துல அளவு நல்லா இறங்கட்டும், அதுக்கு மேல மூணு மாசம் விட்டுடுங்க. அதுவரைக்கும் அவசரப்படவே கூடாது." அவசரத்துக்கே பெயர் போன மனிதரிடம் இதைச் சொன்னாள்.

அவர் உருக்கும் அடுப்பை விட்டுவிட்டு, வாசல் பக்கம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் வேலைக்கு மாறினார். பீடியை விட்டார். கடையிலேயே தலைமுழுகி, வேலைச் சட்டையை அங்கேயே துவைத்துக் காயப்போட்டு, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வந்தார். அவள் வாசலில் காத்திருந்தாள். இருவரும் நர்ஸ் கொடுத்த ஆணுறைப் பாக்கெட்டுகளை உபயோகித்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மேல் பிள்ளைப் பேச்சையே எடுக்கவில்லை. மாமியார்தான் பேசினார், பேசி ஓய்ந்தார். எடை இறங்கியது, ஆனால் அவ்வளவு மெதுவாக இறங்கும் எதையும் எங்கள் தெரு பார்த்ததில்லை. வாரத்துக்கு நூறு, நூற்றைம்பது. சில வாரம் காரணமே இல்லாமல் ஏறும். அது தன் எலும்புக்குள் தங்கிப்போன ஈயத்திலிருந்து வருவதாக பேட்டரிக்காரர் சொன்னார். எண் மூன்று கிலோ நூற்றைம்பதில் வந்து நின்ற பிறகும், நர்ஸ் சொன்னபடி இன்னும் மூன்று மாதம் காத்திருந்துவிட்டுத்தான் பாக்கெட்டுகளை நிறுத்தினார்கள்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு புதன்கிழமை காலை, துணி லேசாகத் தொங்கியது. தராசில் பூஜ்யம். அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே வந்ததா, போய்விட்டதா? அந்தப் பதினைந்து நாளும் அந்த வீட்டில் யாரும் சத்தமாகக் கதவு சாத்தவில்லை. பதினாறாம் நாள் நர்ஸ் கொடுத்த கர்ப்பச் சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரித் தராசில் இரண்டு கிலோ தொள்ளாயிரம். வீட்டுக்கு வந்ததும் தராசு பழக்கதோஷத்தில் தொட்டிலில் போட்டுப் பார்த்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரத்துப் பதினான்கு. தொங்கு தராசின் செல் தீர்ந்திருக்கும் என்று மாற்றினார்கள். பதினான்கு. ஆபீசிலிருந்து வேறு தராசு வந்தது. அதுவும் பதினான்கு. குழந்தையைத் தூக்கிவிட்டுக் காலித் துணியைப் பார்த்தால் பூஜ்யம். குழந்தை இருக்கும்போது மட்டும் அந்தப் பதினான்கு கிராமும் வந்து கூட இருந்தது. தராசு தொட்டிலை ஆட்டிவிட ஆரம்பித்தாள். பேட்டரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. தொட்டிலை எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள். பதினான்கு கிராம் அதற்குப் பிறகும் எந்தத் தராசில் ஏற்றினாலும் கூடவே ஏறுகிறது. ஆபீசில் தட்டின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தராசு எழுதுவாள். இதை மட்டும் அவள் கழிப்பதில்லை. போன வாரம்கூட நர்ஸ் அட்டையோடு வந்து பாப்பா எடை என்ன என்று கேட்டபோது, "பதினாறு கிலோ, பதினாலு கிராம்" என்றாள். நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.