ஆறு மணிக்கு அவிழும் சங்கிலி

என் புருஷன் சவேலியோவுக்குக் கிறுக்குப் பிடித்தால் லேசில் விடாது. பஸ் ஓட்டுகிற மனுஷனுக்குக் கொல்லன் வேலையில் ஆசை. போனில் பார்த்துப் பார்த்து உலையும் மூட்டிவிட்டார். ஆனால் இரும்பை வைத்து அடிக்கப் பட்டடை இல்லை. கடற்கரைப் பாறாங்கல் நாலே அடியில் பிளந்தது. சிமெண்டுக் கட்டை சிதறி அவர் நெற்றியைப் பதம் பார்த்தது.

இரண்டு மாதம் அலைந்து, உடைந்த லாரியின் அச்சு ஒன்றைக் கொண்டுவந்து ஈரப்பலாக் கட்டையில் நட்டார். மேலே சக்கரம் மாட்டுகிற தட்டை வட்டம். அதுதான் பட்டடை. மாலை நாலு மணிக்குச் சுத்தியலை ஓங்கினார்.

டங்... டங்... டங்...

எங்கள் தீவுக் கிராமத்தில் மாலை ஆறு மணி ஜெபத்துக்குக் காலி கேஸ் சிலிண்டரைத் தட்டுவார்கள். சத்தம் கேட்டால் ஜெபம் முடியும்வரை வெளியே யாரும் நடமாடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஜெப நேரத்துக் காவலுக்கு நிற்கும் ஆண்கள் சாலைக்கு வந்து வண்டிகளை மறித்தார்கள். வெட்கக்கேடு, நானே ஜெபப் பாட்டை ஆரம்பித்துவிட்டேன்.

ஊர்த்தலைவர் துவாலா வந்துவிட்டார்.

"டேய், வெயில் மண்டையப் பிளக்குது, அதுக்குள்ள ஊரையே முட்டி போட வச்சுட்டியே!"

"மன்னிச்சிடுங்க தலைவரே. கத்தி ஒண்ணு அடிச்சுப் பாத்தேன்."

தலைவர் தானும் ஓர் அடி அடித்தார். முகம் மலர்ந்தது.

"நம்ம சிலிண்டரு விரிசல் விட்டுத் தகரடப்பாவாட்டம் கத்துது. இது பரலோக மணிடா! நாளைக்கே சர்ச் வாசல்ல தொங்க விட்டுடலாம்."

தலைவர் கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சவேலியோ சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு விட மனசில்லை. கீழே விழுந்து கணீரென்று ஒலிக்கும் சாப்பாட்டுத் தட்டைக் கை வைத்து அடக்குவதில்லையா? பன்றி கட்டுகிற சங்கிலியைக் கொண்டுவந்து அச்சில் இறுக்கிச் சுற்றினேன்.

"இப்ப அடிங்க."

டொக்.

"பகல்ல இப்படியே கட்டியிருக்கட்டும், தலைவரே. ஆறு மணிக்கு அவுத்துட்டு இவரே ஜெபத்துக்கு அடிப்பாரு. எங்க வீடும் ஊர் நடுவுலதான இருக்கு?"

"இவனா? ஜெபத்துக்கு லேட்டா வந்து மூணு பன்னி அபராதம் கட்டினவனாச்சே!"

"அதனாலதான் சொல்றேன். இனிமே இவரு வராம ஜெபமே ஆரம்பிக்காது."

தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது ஐந்தே முக்காலுக்கெல்லாம் சங்கிலியில் கை வைத்தபடி நிற்கிறார் சவேலியோ. அடிக்கிற கத்தி இன்னும் கோணல்தான். எங்கள் பன்றிகள் மட்டும் கொழுத்துக்கொண்டே வருகின்றன.