மாற்றாத அட்டை

"பாப்பா, அந்தக் கடைசி வரி எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்றியா?" என்று அப்பா அவளிடம் கேட்டு மூன்று வருடமாகிறது.

அரசு கண் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், வரிசையில் நின்றபடி காதோடு காதாகக் கேட்டார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வருடத்துக்கு ஒருமுறை அங்கே பார்வைச் சான்று வாங்கினால்தான் வேலை நிலைக்கும். பணிமனையில் அவருக்குக் கழுகு என்று பட்டப்பெயர். அந்தக் கழுகின் இடது கண்ணில் புகை படர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவள் படிப்பைப் பாதியில் விட்டு வீட்டோடு இருந்தவள். யாராவது பெயர் கேட்டாலே கால் கட்டைவிரலைப் பார்ப்பாள். தன்னை நம்பி ஒருவர் ஒன்று கேட்டதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. எட்டிப் பார்த்தாள். உள்ளே சுவரில் தொங்கிய பார்வை அட்டையில் எழுத்துகள் இல்லை. மூன்று பல் சீப்பு போன்ற ஒரே உரு, சின்னதாகிக்கொண்டே போனது. பல் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும்.

"வலது, மேல, மேல, இடது, கீழ."

புது வழித்தடத்தை மனப்பாடம் செய்கிறவர்போல் அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். தேறிவிட்டார். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்து, "அம்மாகிட்ட மூச்சு விடாத" என்றார்.

கண்நோய் ஊரையே வாட்டிய காலத்தில் பன்னிரண்டு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை என்று வாசல் கல் சொல்லும். இப்போது ஐந்து மாடி. புரைக்கு ஒன்று, விழித்திரைக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, கண் அழுத்தத்துக்கு நான்காவது. எல்லாம் இலவசம். சான்றுக்கு வருகிறவர்களில் அட்டையில் தடுமாறுகிறவரை மட்டும் மேலே அனுப்புவார்கள். இவ்வளவு வளர்ந்தும் அந்த அட்டையை யாரும் மாற்றவில்லை. அம்மா கடைக்குப் போகும் நேரம் பார்த்து மகள் அப்பாவை அட்டை முழுவதையும் ஒப்பிக்கச் சொல்வாள். அப்பா ஒரு வருடமும் பிசகவில்லை.

போன மாதம் பட்டப்பகலில் பணிமனைத் தூணில் பேருந்தை உரசினார். இருபது வருடமாக அங்கேயே நிற்கிற தூண்.

இப்போது நான்காவது மாடியில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இடது கண்ணு முழுசா போயிடுச்சும்மா" என்றார் டாக்டர். "வலதுல குழாய் வழியா பாக்கற அளவுதான் மிச்சம். மருந்து போட்டா அது கொஞ்ச நாள் நிக்கலாம். போனது வராது. இது ஆரம்பிச்சு மூணு வருஷமாவது இருக்கும்."

"வருஷா வருஷம் இங்கதானே காட்டினாரு?" அம்மாவின் குரல் உடைந்தது. "மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா?"

"அப்பவே மேல வந்திருந்தா வலது கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். ஆனா கோப்புல எல்லா வருஷமும் கடைசி வரி வரைக்கும் சரியா சொல்லியிருக்காரு. அதுதான் புரியல."

"கீழ இருக்கற ஆளு தூங்கிக்கிட்டே எழுதியிருப்பான். அவனை விட மாட்டேன். மனு கொடுத்து அவன் சீட்டைக் கிழிக்கறேன்."

"விடு. என் தலையெழுத்து" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

கீழே சான்று எழுதுபவர் ஒவ்வொரு வருடமும் அப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டவர். அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அவர் மேல தப்பு இல்ல. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"என்னத்தடி?"

"அட்டைய. மூணு வருஷமும்."

"நான் கேட்டேன்" என்றார் அப்பா அவசரமாக. "சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்?"

டாக்டர் பேனாவை மூடினார். அம்மா கணவனைப் பார்த்தாள், பிறகு மகளை. மூன்றே பேர் இருந்த வீட்டில், தான் மட்டும் வெளியே நின்றிருந்ததை அவள் கணக்குப் போட்டு முடித்தாள். அப்பா, அம்மா இருக்கும் பக்கம் என்று நினைத்துக் கை நீட்டினார். கை நாற்காலி முதுகில் பட்டது.

அம்மா எழுந்தாள். மடியில் வைத்திருந்த அப்பாவின் மருத்துவக் கோப்பை மகளின் மடியில் வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.