ஆளில்லாத மூலை

ஆர்விக் பழிவாங்கத்தான் வந்திருந்தான். கூடைப்பந்தின் மேல் உள்ள காதலால் திரும்பி வந்தான் என்று பிறகு பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். அவர்களுக்கும் பக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே. சான் ரோகே அணியின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு புயெனாவிஸ்தா அரங்கத்துக்குள் அவன் கால் வைத்தபோது அவன் கண் தேடியது ஒரே ஓர் ஆளைத்தான். எதிர்ப்பக்க பெஞ்சின் முன்னால் சட்டைப்பையிலிருந்து சாண்டோ நீன்யோ என்கிற குழந்தை இயேசுவின் சின்னச் சிலையை எடுத்து முத்தமிட்டுக்கொண்டிருந்த கோச் திமோவை.

அரங்கம் அவனை அடையாளம் கண்டுகொள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"எவ்வளவு? எவ்வளவு?" என்று மேல் வரிசையில் ஆரம்பித்தார்கள். அது கீழே இறங்கி, பொரித்த வாழைப்பழம் விற்கிறவன்கூடச் சேர்ந்துகொண்டு கத்துகிற அளவுக்குப் போய்விட்டது. போன வருடம்வரை இதே கூட்டம் அவன் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு திரிந்தது.

புயெனாவிஸ்தா மீன்சந்தையின் பின்னால், ரப்பர் செருப்போடு ஆடிப் பழகியவன் ஆர்விக். வளையம் ஒரு தென்னை மரத்தில் ஆணியடித்து மாட்டியது. இருபது வயதில் சொந்த ஊரின் தொழில்முறை அணியில் கார்டாகச் சேர்ந்தான். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. முதல் வருடமே கோப்பை வந்தது. அவன் அம்மா மீன் வெட்டுகிற பலகைக்குமேல் அவன் படத்தை மாட்டி வைத்தாள். மூன்றாம் வருடம் இறுதி ஆட்டம். நாலு வினாடி பாக்கி, ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். கோச் திமோ பெஞ்சிலிருந்து "தினோலா!" என்று கத்தினார்.

கோச் திமோவின் ஆட்டத் திட்டங்களுக்கெல்லாம் சாப்பாட்டுப் பெயர்தான். அவர் மனைவி சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். பசிக்கிற பையன் வேறு எதை மறந்தாலும் சாப்பாட்டை மறக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. அடோபோ என்றால் கார்டு தானே வலப்பக்கம் புகுந்து வளையத்துக்கு ஏற வேண்டும். தினோலா என்றால் வலப்பக்கம் போவதுபோல் போய், திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது மூலைக்குப் பந்தை வீச வேண்டும். அங்கே குறிபார்த்துப் போடுகிறவன் தயாராக நிற்பான்.

ஆர்விக் திரும்பிப் பார்க்காமல் வீசினான். மூலையில் ஆளில்லை. அங்கே நிற்க வேண்டியவனை அதற்கு முந்தின நிமிடம்தான் கோச் திமோவே வெளியே உட்காரவைத்துவிட்டு, இடுப்பு கனத்த ஓர் உயரக்காரனை உள்ளே அனுப்பியிருந்தார். அதை அவரே மறந்துபோனார். பந்து நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கன்னியாஸ்திரீயின் மடியில் விழுந்தது.

ஆட்டம் தோற்றதும் கிழவர் திமோ மைக்கின் முன்னால் வந்து நின்றார். "நான் கேட்டது அடோபோ. யாருமே இல்லாத மூலைக்குப் பந்தைப் போட்டானே, அவன்கிட்டப் போய்க் கேளுங்க. நம்ம வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் வித்துட்டான்" என்றார். அவ்வளவுதான். சூதாட்டக்காரர்களிடம் ஆட்டத்தை விற்றவன் என்கிற பெயர் அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் போய்விட்டது.

"அவர் தினோலான்னுதான் சொன்னார்!" என்று ஆர்விக் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். பெஞ்சிலும் களத்திலுமாகப் பதினான்கு பேர் கேட்டிருக்க வேண்டும். ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. விசாரணை நடந்தது, ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் எந்த அணியும் அவனைத் தொடவில்லை. மீன் வாங்க வருகிற பெண்கள் அம்மாவிடமே, "உன் பிள்ளைக்கு என்ன விலை கெடச்சுது?" என்று கேட்டார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் மீன்கடையை மூடினாள். அந்தக் கடையை மூடின நாளைத்தான் ஆர்விக் மனதில் வைத்திருந்தான். மற்றதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அதை விடமாட்டான்.

அதன்பிறகு ஒரு வருடம் ஊர்த் திருவிழா ஆட்டங்களில் ஒரு மூட்டை அரிசிக்கு ஆடினான். சான் ரோகே அணியின் கார்டுக்குக் கணுக்கால் பிசகி, வேறு யாரும் கிடைக்காததால்தான் மூன்று வாரம் முன்பு அவனைக் கூப்பிட்டார்கள். சீசன் முடியும்வரை ஒப்பந்தம். அரையிறுதியில் ஜெயித்தால் அடுத்த வருடமும் உண்டு. ஆனால் அரையிறுதி யாரோடு? புயெனாவிஸ்தாவோடு. பட்டியலில் முதலில் வந்த அணி என்பதால் அவர்களுக்கு ஒரு வெற்றி போதும். சான் ரோகே இரண்டு முறை ஜெயித்தாக வேண்டும். இன்று ஒன்று, வெள்ளிக்கிழமை இன்னொன்று.

முதல் பாதி முழுக்க அவனை பெஞ்சிலேயே வைத்திருந்தார் சான் ரோகேயின் கோச் பெபே. குள்ளமான மனிதர், வேர்க்கடலையை மென்றுகொண்டே யோசிப்பார். புயெனாவிஸ்தாவின் புதுக் கார்டு ஜெலோ, போன வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருபது வயசுப் பையன். ஆர்விக் முன்பு போட்டிருந்த அதே ஏழாம் எண்ணைப் போட்டுக்கொண்டு, பந்தை எடுக்க பெஞ்சுப் பக்கம் வந்தபோதெல்லாம் சும்மா போகவில்லை.

"அண்ணே, இன்னிக்கு ரேட் என்ன? திருவிழாத் தள்ளுபடி ஏதாச்சும் உண்டா?"

"பந்தைப் பாத்து ஆடுடா."

"பாத்துத்தான் ஆடறேன். ஆளில்லாத பக்கமா போடறதில்லை."

ஆர்விக்கின் பக்க பெஞ்சே சிரித்தது. ஆர்விக் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. "காரே-காரே!"

முதலில் தன் காதையே அவன் நம்பவில்லை. இரண்டு உயரக்காரர்கள் வந்து சுவர்போல் மறைத்து நிற்க, ஜெலோ அவர்களுக்குப் பின்னாலிருந்து போட்டான். அச்சு அசல் பழைய காரே-காரே. அடுத்து "சினிகாங்!" என்றார் கிழவர். பந்து நடுவில் நிற்கிற உயரக்காரனுக்குப் போனது.

கிழவர் ஒன்றையுமே மாற்றவில்லை. கோப்பை வாங்கிக்கொடுத்த பெயர்கள் அவை. ஜெயித்த சட்டையைத் துவைக்காமல் போடுகிற மனிதர், ஜெயித்த பெயரை மாற்றுவாரா? தரித்திரம் பிடித்துவிடுமே! 'ஆர்விக் அங்கே இருக்கான் கோச், மாத்திடலாமே' என்று உதவிக் கோச் இரண்டு முறை கெஞ்சியிருக்கிறான். 'அவனை யாருடா களத்துல இறக்கப் போறாங்க' என்று கிழவர் அவன் வாயை அடைத்துவிட்டார்.

ஆர்விக் எழுந்து போய் கோச் பெபேயின் காதருகே குனிந்தான். "கோச், என்னை இறக்குங்க. அந்தாளு சமையலறை முழுக்க எனக்குத் தெரியும்."

பெபே மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "எல்லாமேவா?"

"உப்புப் போடற நேரம்கூட."

மூன்றாம் பகுதியில் இறக்கினார். கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. பதினாறு புள்ளி பின்னால் இருந்தது சான் ரோகே. "சினிகாங்" என்று கிழவர் வாயெடுக்கும்போதே ஆர்விக் உயரக்காரனின் முன்னால் போய் நின்றான். பந்து அவன் கைக்கே வந்தது. "பான்சித்" என்றார், அதையும் தட்டிப் பறித்தான். "லேச்சோன்" என்று கத்தியபோது தன் ஆட்கள் இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தினான். ஒவ்வொரு முறை பந்தைப் பறித்ததும் அவன் பார்த்தது வளையத்தைக்கூட இல்லை, கிழவரின் முகத்தை. அது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடமாக அவன் தின்ற சோறு எதுவும் அவ்வளவு ருசித்ததில்லை.

ஒன்பது வினாடி இருக்கும்போது சான் ரோகே ஒரு புள்ளி பின்னால் இருந்தது, பந்து புயெனாவிஸ்தாவிடம். பந்தைச் சும்மா பிடித்து வைத்துக்கொண்டிருந்தாலே அவர்கள் ஜெயித்திருப்பார்கள். கிழவருக்கு அது போதவில்லை. ஆர்விக்கை நேருக்கு நேர் முறியடிக்க வேண்டும்.

"அடோபோ!"

ஜெலோ வலப்பக்கம் பாய்ந்தான். அவன் கால் வைக்கப்போகிற இடத்தில் ஆர்விக் ஏற்கனவே இருந்தான். பந்தைத் தட்டினான், குனிந்து அள்ளினான், முழுக் களத்தையும் தனியாளாக ஓடிக் கடந்து போட்டான். மணி அடித்தது.

சான் ரோகே ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டது.

வழக்கம்போல் அன்றைய சிறந்த ஆட்டக்காரனைக் களத்தின் நடுவிலேயே நிறுத்தி, விளம்பரக்காரன் கொடுக்கிற பிஸ்கட் டின்னைக் கையில் திணித்து, மைக்கை நீட்டினாள் தொலைக்காட்சிப் பெண். அவள் கேள்வியைத் தொடங்குவதற்குள் பத்தடி தள்ளி சத்தம் கேட்டது. கோச் திமோ ஜெலோவின் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்தார்.

"ஒவ்வொண்ணும் அவனுக்கு எப்படிடா தெரிஞ்சுது? சொல்லு! யாரு சொன்னா?" கேமராக்கள் திரும்பினதும் அவர் குரல் இன்னும் உயர்ந்தது. "பாருங்க எல்லாரும்! நம்ம வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் வித்துட்டான்!"

"நான் இல்ல கோச்! சத்தியமா நான் இல்ல!" ஜெலோ அழுதேவிட்டான்.

மேல் வரிசையில் மறுபடி ஆரம்பித்தார்கள். "எவ்வளவு? எவ்வளவு?" இந்த முறை ஜெலோவைப் பார்த்து.

ஆர்விக்குக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை மறைப்பானேன். நன்றாக வேணும் என்றுதான் நினைத்தான். தள்ளுபடி கேட்டாயே, வாங்கிக்கொள்.

"இத்தனை திட்டமும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது ஆர்விக்? உண்மையிலேயே யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டாள் தொலைக்காட்சிப் பெண்.

அவள் தோளுக்குப் பின்னால் கோச் பெபே தலையை வேகமாக ஆட்டினார், வேண்டாம் என்று. அவர் சொல்ல வந்தது புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கிழவர் ஜெலோதான் திருடன் என்று நம்பிக்கொண்டு அதே பெயர்களோடு வெள்ளிக்கிழமையும் வருவார். வெள்ளிக்கிழமையும் ஜெயிக்கலாம். அடுத்த வருட ஒப்பந்தம் கையில் வந்து விழும். சும்மா சிரித்துவைத்தால் போதும்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். ஆனால் கிழவர் சொன்ன வார்த்தை காதைவிட்டுப் போகவில்லை. போன வருடம் சொன்ன அதே வார்த்தை, ஓர் எழுத்து மாறவில்லை. இந்த மனிதர் எத்தனை முறை தோற்றாலும் தோற்கமாட்டார். அகப்பட்டவன் தலையில் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவி கையால் சூடாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். ஜெலோவின் மேல் ஆர்விக்குக்கு இரக்கம் ஒரு துளியும் வரவில்லை. அவன் வந்தது கிழவருக்காக. அதே சந்தில் கிழவரை இன்னொரு முறை நழுவவிட அவன் தயாராக இல்லை.

மைக்கை அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டான்.

"யாரும் எதையும் விக்கல. கோச் திமோ மூணு வருஷம் எனக்கு ஊட்டிவிட்ட சாப்பாடுதான் இது. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணையும் மாத்தல. கேட்டுக்கங்க. அடோபோன்னா கார்டு வலப்பக்கம் ஏறணும். சினிகாங்னா நடுவுல நிக்கற உயரக்காரனுக்கு. காரே-காரேன்னா ரெண்டு பேரு மறைக்கணும்..." ஒவ்வொன்றாகப் பதினொரு திட்டத்தையும் சொல்லிக்கொண்டே போனான். கோச் பெபே தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு ஒரு வரிசையே சிரித்தது. "கடைசியா தினோலா. தினோலான்னா திரும்பிப் பாக்காம இடது மூலைக்கு. போன வருஷம் நாலு வினாடியில இவர் கேட்டது அதைத்தான். மூலையில நிக்கவேண்டியவனை இவரே வெளிய உக்கார வெச்சுட்டு, மறந்துட்டாரு."

"பொய்!" கோச் திமோ ஜெலோவை விட்டுவிட்டு ஆர்விக் பக்கம் வந்தார். "நான் அடோபோன்னுதான் சொன்னேன்! வித்தவன் பேச்சை நம்பறீங்களா?"

"தினோலாதான் கோச்."

சொன்னது ஜெலோ. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். "நான் உங்க பக்கத்துலதான உக்காந்திருந்தேன். தினோலான்னு கத்தினீங்க. பந்து வெளிய போனதும் 'ஐயோ, அவனை எடுத்துட்டேனே'ன்னு தலையில அடிச்சுக்கிட்டீங்க."

 கிழவர் தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இருந்தவர்களில் ஒருவனும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல் வரிசையிலிருந்து எவனோ ஒரு துடுக்குக்காரன், "கோச், ஒரு தினோலா, சோறு தனியா!" என்று கத்தினான். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பினூடேயே கோச் திமோ நடந்து வெளியேற வேண்டியிருந்தது. ஆர்விக் கடைசிப் படி வரைக்கும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

உடைமாற்றும் அறைக்குப் போகிற வழியில் ஜெலோ காத்திருந்தான். முகத்தைக் கழுவியிருந்தான், கண் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"அண்ணே, நீங்க மட்டும் பேசலேன்னா இன்னிக்கு என் கதை முடிஞ்சிருக்கும். எங்கம்மா முகத்துல எப்படி முழிப்பேன் சொல்லுங்க." அவன் கையை நீட்டினான்.

ஆர்விக் அந்தக் கையைப் பார்த்தான்.

"ஒரு வருஷமா உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்ப நான் புதுசு அண்ணே. பேசியிருந்தா என்னையும் தூக்கியிருப்பாங்க. உங்க இடம் வேற காலியா இருந்துச்சு..." அவனே நிறுத்திக்கொண்டான்.

"எங்கம்மா கடையை மூடினாங்க. அது தெரியுமா?"

ஜெலோ தலை குனிந்தான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான்.

"கிழவன் இன்னிக்கே எல்லாச் சாப்பாட்டுப் பேரையும் மாத்திடுவான். நல்லா மனப்பாடம் பண்ணிட்டு வா" என்றான் ஆர்விக். "அவன்கிட்ட எனக்கிருந்த வேலை முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை நான் வர்றது உனக்காக."