ஓபிரி வாத்தியார் கேட்ட சொல்

போஸ்டர் கடைக் கம்ப்யூட்டர் திரையில் யா அச்சியா சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ‘வாட் எ ஷாக்’ என்று போட்டிருந்தது. வயதாகிப் போனவர்களுக்கு ‘கால் டு குளோரி’. நாற்பதில் போனவளுக்கு அது பொருந்தாது. மாம்போங் ஊரில் சாவு போஸ்டர் அடிக்கிற எவனுக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

ஓபிரி வாத்தியார் தலைப்பைப் பார்க்கவில்லை. கீழே இருந்த பட்டியலையே திரும்பத் திரும்பப் படித்தார். குடும்பத் தலைவர் டார்கோ, அக்கா செர்வா, இரண்டு மகள்கள். கடைசியில் நண்பர்கள் என்ற வரியில், சர்ச் பாடகர் குழுவுக்கும் தக்காளி வியாபாரிகள் சங்கத்துக்கும் நடுவில் அவர் பெயர்.

“என்னடா ஃப்ரிம்போங் இது? நான் ஃப்ரெண்டா?”

“அவங்க எழுதிக் கொடுத்ததை அடிச்சேன் சார்.”

“விடோவர்னு மாத்து. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் நான்.”

ஃப்ரிம்போங் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். “ஹவுஸ் வேற, ஹோம் வேறன்னு பிரம்பால சொல்லிக்கொடுத்தது நீங்கதானே சார்? அதே மாதிரிதான் இதுவும். பெரியவர் சொல்லாம மாத்தினா, அடுத்த போஸ்டர் எனக்குத்தான் அடிக்கணும்.”

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். இன்ஷூரன்ஸ் படிவம், பிள்ளைகளின் பள்ளிப் படிவம், எல்லாவற்றிலும் அவர் கூசாமல் ‘ஒய்ஃப்’ என்றுதான் எழுதினார். ஆனால் சடங்கு பாதியில் நின்றிருந்தது. பெண் வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்கள் தோட்டத்தில் ஒரு பூவைப் பார்த்தோம்’ என்று சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு பெண் வீட்டார் முன் வைத்துக் கல்யாணத்தை முடிக்க வேண்டிய தலை மதுவை வைக்கவில்லை. முதலில் டிப்ளமோ பரீட்சை குறுக்கே வந்தது. பிறகு அவருடைய அப்பாவின் சாவு. அப்புறம் காரணம்கூடத் தேவைப்படவில்லை.

டார்கோ பெரியவர் கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

“வா வாத்தியாரே. இந்த வீட்டுக்கு வழி ஞாபகம் இருக்கா?”

“ஐயா, என் பேரை...”

“தெரியும். மது வச்சவன்தான் புருஷன். நீ வைக்கல. அப்போ சாவுல பெட்டி பக்கத்துல உனக்கு நாற்காலி கிடையாது. ஓரமா பந்தல்ல உக்காந்துட்டுப் போ. உன் பொண்ணுங்க மட்டும் இங்க இருப்பாங்க.”

“அப்பன் இல்லாத பிள்ளைங்க மாதிரியா?”

“அதை நீதான் யோசிச்சிருக்கணும்.” பெரியவர் காறித் துப்பினார். “ஒரு வழி இருக்கு. இப்ப வை. செத்தவளுக்கு வச்சாலும் மது மதுதான்.”

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு ஜின் பாட்டில், ஆறு துணி, ஒரு பைபிள், ஒரு மோதிரத்தோடு வாத்தியார் தன் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு போனார். கல்யாணத்தில் மணப்பெண்ணிடம் மூன்று தடவை கேட்பது வழக்கம். மணப்பெண் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்ததால் அக்கா செர்வாவை அவளுடைய இடத்தில் உட்கார வைத்தார்கள்.

“யா அச்சியா, இந்த மதுவை வாங்கிக்கலாமா?” டார்கோ கேட்டார்.

“வாங்குங்க.”

“வாங்கிக்கலாமா?”

“வாங்குங்க.”

மூன்றாம் தடவை கேட்டபோது செர்வா மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள். 

“சொல்லும்மா,” என்றார் டார்கோ.

“ஒவ்வொரு ஈஸ்டருக்கும் என்னைப் புதுத்துணி தைக்கச் சொன்னா, மாமா. இந்த வருஷம் கேட்டுடுவாரு அக்கா, இந்த வருஷம் கேட்டுடுவாருன்னு. அப்புறம் சொல்றதையே விட்டுட்டா.” அவள் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வாத்தியாரிடம் நீட்டினாள். “ஃப்ரெண்டுன்னு நாங்க வம்புக்குப் போட்டதா நினைக்கிற, இல்ல? ஆஸ்பத்திரியில அவளே நிரப்பினது. பாத்துக்கோ.”

வாத்தியார் பெயருக்கு நேரே, உறவு என்ற கட்டத்தில் முதலில் ‘பார்ட்னர்’ என்று எழுதி, அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ‘ஃப்ரெண்ட்’ என்று எழுதியிருந்தாள். அவள் கையெழுத்துதான். வலது பக்கம் சாய்ந்திருக்கும்.

வாத்தியாருக்கு அந்தச் சாயங்காலம் நினைவு வந்தது. அவர் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் வாசற்படியில் நின்று கேட்டாள், ஒய்ஃபுக்கும் பார்ட்னருக்கும் என்ன வித்தியாசம் என்று. ஒய்ஃப் என்றால் ஊரறியக் கட்டினவள், பார்ட்னர் என்றால் கூட இருக்கிறவள் என்றார். அப்போ ஃப்ரெண்ட்? வந்து போகிறவன். தலையைத் தூக்காமலே மூன்றையும் சொல்லி முடித்தார். அவள் ‘ம்’ என்று சொல்லிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டு ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிக்கப் போய்விட்டாள். உரல் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று அவர் எரிச்சல்பட்டது வரைக்கும் நினைவிருந்தது.

“வாங்குங்க,” என்றாள் செர்வா. “பொண்ணுங்களுக்காக.”

டார்கோ ஜின்னைத் தரையில் ஊற்றி முன்னோர்களை அழைத்தார். சித்தப்பா நன்றி சொன்னார். அந்த நிமிஷத்தில் ஓபிரி புருஷன் ஆனார்.

நேராகப் பிணவறைக்குப் போனார்கள். விரல் வீங்கியிருந்ததால் மோதிரம் ஏறவில்லை. வாத்தியார் இரண்டு தடவை முயன்றார். செர்வா அவர் கையை விலக்கிவிட்டு மோதிரத்தைக் கறுப்பு நூலில் கோத்துத் தங்கையின் மணிக்கட்டில் கட்டினாள்.

“ஆச்சு,” என்றார் டார்கோ. “போஸ்டர் கடைக்கு ஃபோன் போடறேன். விடோவர்னு போட்டுடுவான். திருப்திதானே?”



பிணவறை ஊழியர் பெரிய நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். “நாளைக்கு உடலை எடுக்கிறவர் கையெழுத்து வேணும் சார். பக்கத்துல இறந்தவங்களுக்கு என்ன உறவுன்னு எழுதிடுங்க.”

வாத்தியார் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

“எழுது,” என்றார் டார்கோ. “இனிமே உன்னை யார் கேக்கப் போறா?”

வாத்தியார் நோட்டைச் செர்வா பக்கம் தள்ளினார். “நீங்க எழுதுங்கம்மா.”

செர்வா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். அவள் என்ன எழுதினாள் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை.