வில்மட் துரையின் பள்ளிக்கூடம்

விடிகாலையில் இறங்கி முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதைச் சேர்த்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு, குளித்தும் குளிக்காமலும் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தாள் கலைச்செல்வி. பெற்றோர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுத வேறு யாருக்கும் பொறுமை இல்லாததால், நாலு வருசமாக அந்தப் பதவி அவள் தலையில்.

கஹவத்தைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு வில்மட் தமிழ் வித்தியாலயம் என்று பெயர். வில்மட், நூறு வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரத் துரை. அவர் எழுதிய கடிதம் ஒன்றின் நகலைப் பள்ளி ஆசிரியர் ஸ்ரீதரன் சார் எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, தமிழில் சொல்லிக்காட்டினார். இந்தக் கூலிகள் மாட்டைவிடக் கொஞ்சம்தான் மேல், இவர்களுக்கு எழுத்து எதற்கு என்று துரை சீமைக்கு எழுதியிருந்தார்.

சபை கொதித்துப் போனது. "நம்மள மாடுன்னவன் பேரையா பிள்ளைங்க சட்டையில குத்திக்கிட்டுத் திரியுது?" என்று சங்கத் தலைவர் கஜேந்திரன் மேசையில் குத்தினார்.

"தூக்குங்க அந்தப் பேர!" என்று பின் வாங்கில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணகுமாரி கத்தினாள். ஒரு கை மிச்சமில்லாமல் எல்லாம் உயர்ந்தன.

அடுத்து தான் எந்தப் பெயரைச் சொல்லப்போகிறார் என்பதைச் சார் கலைச்செல்வியிடம் முன்பே சொல்லியிருந்தார். வேண்டாம் சார் என்றுதான் முதலில் மறுத்தாள். ஆனாலும் இரண்டு நாளாக அந்த ஆசை அவளை விடவில்லை.

"சடையன்" என்றார் சார்.

வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு எல்லோரையும் கூட்ட, விடியலில் தப்படித்தவர் சடையன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தரும்வரை தப்பைத் தொடமாட்டேன் என்று மூன்று நாள் சும்மா இருந்தார். பிரட்டுக்களத்திலேயே அவரைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார் வில்மட். தோட்டம் ஒரு கிழமை முழுக்க, ஏழு நாளும், வேலைக்கு இறங்கவில்லை. அதன் பிறகுதான் பள்ளிக்கூடம் வந்தது, துரையின் பெயரோடு.

சார் சொல்லி முடித்தபோது, முன்பு உயர்ந்த கைகளெல்லாம் மடிக்கு இறங்கியிருந்தன. சடையன் என்ன சாதி, எந்த லயத்து வரிசை வீட்டு ஆள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பள்ளத்து லயத்தில்தான் கலைச்செல்வி இன்னும் குடியிருக்கிறாள். சடையன் அவளுடைய அப்பாவின் தாத்தா.

கஜேந்திரன் தொண்டையைச் செருமினார். "பேரு கொஞ்சம் ஒத்துவராதே சார். நாளைக்குப் பிள்ளைங்க டவுனுக்கு வேலைக்குப் போனா, எந்த இஸ்கூல்னு கேப்பாங்கல்ல?"

"வில்மட்னா கேக்கவும் ஒரு மரியாதையா இருக்கு" என்றது ஒரு குரல்.

மாட்டுக் கதை ஒரே மூச்சில் மறந்துபோனது. வெள்ளைக்காரன் திட்டினதை நூறு வருசம் சுமக்கலாமாம், பள்ளத்து லயத்துப் பெயரை ஒரு நாள் சுமக்க முடியாதாம். என்ன சனமோ! பழைய பெயரே இருக்கட்டும் என்பதற்கும் கைகள் உயர்ந்தன. சாரும் கலைச்செல்வியும் மட்டும் உயர்த்தவில்லை.

பத்து வருசமாக அவளோடு சேர்ந்து பால் வெட்டுகிற கிருஷ்ணகுமாரி எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோவிச்சுக்காத கலை. ஒன் பிள்ளைங்களுக்கும் நல்லதுதானே. பழசெல்லாம் யாருக்கும் தெரியாமப் போகட்டும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதைத்தான் கலைச்செல்வியால் தாங்க முடியவில்லை.

கடைசியில் அவள் எழுந்து குறிப்பை வாசித்தாள். "சடையன் என்பவரின் பெயர் முன்மொழியப்பட்டது. யாரும் வழிமொழியவில்லை."

"அந்த வரிய வெட்டிடும்மா" என்றார் கஜேந்திரன். "கல்விக் கந்தோருக்கு, அதிகாரிங்ககிட்டப் போற புத்தகம்."

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. பேனாவை அவர் பக்கம் நீட்டினாள். "அவரு எங்கப்பாவோட தாத்தாங்க. நான் எப்படி வெட்டுறது? நீங்களே வெட்டுங்க."

பேனாவை அவர் வாங்கவில்லை. வேறு யாரும் வாங்கவில்லை. கஜேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹரி ஹரி, சரிதான், இருந்துட்டுப் போகட்டும். கந்தோர்ல இதெல்லாம் யாரு வாசிக்கப்போறா?" என்றார்.

அந்த நிம்மதியில் எல்லோரும் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.